துணி வழியே வந்த கலை

எழுத்தையே படமாக நிறுத்துவதும், வீட்டிலும் தெருவிலும் கிடந்த பொருளை எடுத்துக் காட்சிக்கூடத்தின் வெள்ளைச் சுவரருகே வைப்பதும், அப்படி வைத்ததற்குப் பின்னாலுள்ள கருத்தே கலை என்று சாதிப்பதும் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான பழக்கங்கள் என்ற அபிப்பிராயம் நம்மவரிடையே பரவலாக உண்டு. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மார்செல் டூஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் கடையில் வாங்கிய சிறுநீர்ப் பீங்கான் ஒன்றில் ‘ஆர். மட்’ என்று ஒரு புனைபெயரை எழுதி நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பி வைத்தது 1917இல். ஜோசப் கோசுத் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு நாற்காலியையும், அதன் புகைப்படத்தையும், நாற்காலி என்ற சொல்லுக்கு அகராதி தரும் விளக்கத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, இவற்றுள் எது நாற்காலி என்று பார்வையாளரைக் கேளாமல் கேட்டது 1965இல். கருத்துக் கலையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். ஆயினும் தமிழ்நாட்டில் இக்கலைக்கு மண் பதமானது எவ்வாறு என்று விசாரிக்கிறவர்கள், பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் போகுமுன் கோயம்புத்தூர்ச் சீமைக்கும், அதன் பருத்திச் சந்தையான திருப்பூருக்கும், பிறகு சென்னை எழும்பூரை ஒட்டிய கலைப்பள்ளிக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அங்கெல்லாம் நம்மை அழைத்துச் செல்லும் வழி துணியின் வழி.

நொய்யல் கரையிலுள்ள திருப்பூர், பனியனுக்குப் பேர் பெறுவதற்கு வெகுகாலம் முன்பே பருத்திக்குப் பேர் பெற்றிருந்தது. சுற்றுவட்டாரத்துக் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் விளைந்த பஞ்சு வண்டி வண்டியாக வந்து இறங்கும். கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பாக்டரிகளில் அரைபட்டுப் பொதியாகி ரயிலேறும். 1925இல் காந்தியடிகள் அகில பாரத சர்க்கா சங்கத்தை நிறுவியபோது, தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமையிடமாகத் திருப்பூரே அமைந்தது. பக்கத்து ஈரோட்டிலிருந்து ஈ.வெ. இராமசாமி காங்கிரஸில் இருந்த நாட்களில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்ற காலமும் அதை ஒட்டியதுதான். சுற்றியுள்ள கிராமங்களில் நூற்ற நூலும், நெய்த துணியும் திருப்பூருக்கு வந்து, அங்கிருந்து ராஜதானி முழுவதும் பரவின.

கதரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் பொருளாதாரத்தையும் தியாகத்தையும் எழுதினார்கள். கலை விசாரத்தில் அது எவ்வளவு புதுமையான வஸ்து என்பதை யாரும் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. ஒரு முழம் கதரை ஒரு முழம் முரட்டு மில் துணியின் அருகே வைத்தால், பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது; இதை அறிந்துகொண்டு மில்காரர்களே கதர் போன்ற துணியைத் தயாரித்துச் சந்தையில் விட்டார்கள். எனவே, இந்தத் துணி இன்ன விதமாகக் கையால் நூற்கப்பட்டுக் கையால் நெய்யப்பட்டது என்று சர்க்கா சங்கம் அத்தாட்சி கொடுக்க வேண்டியிருந்தது. துணியின் மதிப்பு அதன் அழகிலோ மென்மையிலோ இல்லாமல், அது உண்டான விதத்திலும், அதைப் பற்றி எழுதப்பட்ட வார்த்தையிலும், அதை உடுத்துகிறவன் மனத்தில் கொண்ட சங்கற்பத்திலும் குடியேறிவிட்டது. பொருளைக் காட்டிலும் பொருளின் பின்னுள்ள கருத்தே பிரதானம் என்ற கொள்கையை, அது ஒரு கலைக்கொள்கையாக மேல்நாட்டில் பெயர் பெறுவதற்கு நாற்பது வருஷங்களுக்கு முன்பே, திருப்பூர்க் கடைத்தெருவில் நூல் நூற்ற பாட்டிகளும் நெசவாளரும் அன்றாட வியாபாரமாகக் கைக்கொண்டிருந்தார்கள்.

சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் 1904இல் பிறந்து, திருப்பூரில் வேலை பார்த்த குமரன், 1932 ஜனவரியில் ஊர்வலத்தில் போலீஸாரின் தடியடிக்கு ஆளாகி, கையிலிருந்த கொடியை விடாமல் விழுந்து, மறுநாள் 11ஆம் தேதி உயிர் நீத்தார். ஒரு துண்டுத் துணிக்காக ஒரு மனிதன் உயிரைக் கொடுத்தான் என்று சொன்னால், அந்தத் துணி என்னவாக இருந்தது என்பதை விளக்க நெசவு சாஸ்திரம் போதாது. கதர்க் கண்காட்சிகளையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ராட்டையையும் தக்ளியையும் பஞ்சையும் சிட்டத்தையும் விளக்கப் பலகைகளோடு வரிசையாக வைத்து, படிப்பில்லாத குடியானவனுக்கும் தேசத்தின் பொருளாதாரத்தைக் கண்ணால் பார்க்கச் செய்த அந்தப் பந்தல்களே, நம் நாட்டில் பொருளும் எழுத்தும் இடமும் சேர்ந்து ஒரு கருத்தைப் பேசிய முதல் பெருங்கூடங்கள். 1936 டிசம்பரில் மகாராஷ்டிரத்து பைஸ்பூர் கிராமத்தில் காங்கிரஸ் கூடியபோது, சாந்திநிகேதனத்து ஓவியர் நந்தலால் போஸ் மூங்கிலும் நாணலும் போன்ற உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே மாநாட்டு நகரை அலங்கரித்தார். கையருகே கிடைத்ததையே கலையின் பண்டமாகக் கொள்ளும் வழக்கத்துக்கு இந்தியாவில் இதைவிடக் கம்பீரமான தொடக்கம் வேறு இல்லை.

இனி, ஓவியத்துக்கு வருவோம்.

கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். திருப்பூர் அந்நாளில் அதே ஜில்லாவைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 2009இல்தான். குடும்பப் பாரம் காரணமாகத் தந்தி இலாகாவிலும் இன்ஷூரன்ஸிலும் உத்தியோகம் பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில் சென்னை அரசுக் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே ஆசிரியராகி, 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கி, 1957இல் தேவி பிரசாத் ராய் சௌதுரிக்குப் பின் பள்ளியின் தலைவரானார். அந்தப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற வைத்தியரால் ஆரம்பிக்கப்பட்டுத் தொழிற்கலைகளையே முக்கியமாகக் கற்பித்து வந்தது. ஓவியனும் கைவினைஞனும் ஒரே கூரையின் கீழ் இருந்த அந்த ஏற்பாட்டைப் பெருமைக் குறைவாக நினைத்தவர்கள் உண்டு. பின்னால் நேர்ந்த நன்மைகள் எல்லாம் அதிலிருந்தே பிறந்தன என்பதை அவர்கள் ஊகித்திருக்க முடியாது.

பணிக்கர் நெடுங்காலம் ஐரோப்பிய ரீதியில் நீர்வண்ணக் காட்சிகளையும், பிறகு சாதாரண மக்களின் துயரம் தோய்ந்த உருவங்களையும் தீட்டியவர். 1963 வாக்கில், கணிதம் படித்த ஒரு மாணவனின் நோட்டுப் புத்தகப் பக்கங்கள் அவர் கண்ணில் பட்டு அவரை ஆட்கொண்டன. எண்களும், ரோமன் எழுத்துகளும், வடிவ கணிதக் கோடுகளும் நிரம்பிய அந்தப் பக்கம் பாடமாக அல்லாமல் சித்திரமாக அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசை பிறந்தது. நாளடைவில் ரோமன் எழுத்து போய் மலையாள எழுத்து வந்தது; ஜாதகக் கட்டங்களும், சோதிடக் கணக்குகளும், மீனும் பறவையும் போன்ற சிறு உருவங்களும் துணித்திரை முழுவதையும் ஓலைச்சுவடியின் ஏடு போல நிறைத்தன. மலையாளம் தெரிந்தவர்களும் அந்த வரிகளைப் படிக்க முடியாது. அவை சொல்லின் தோற்றம் கொண்டவை. சொல்லின் பொருள் கொண்டவை அல்ல.

இவ்விடத்தில் ஒரு பேதத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கோசுத்தின் நாற்காலியில் எழுத்து அர்த்தத்தைத் தாங்கி நிற்கிறது. அதைப் படிக்காதவனுக்கு அந்தப் படைப்பில் எதுவுமே இல்லை. பணிக்கரிடத்திலோ எழுத்து தன் அர்த்தத்தைத் துறந்து விக்கிரகமாக நிற்கிறது. அதைப் படிக்க முயல்பவனே ஏமாறுகிறான். ஆகவே பணிக்கரைக் கருத்துக் கலைஞர் என்று பட்டம் சூட்டுவது அவருக்கும் அந்தக் கலைக்கும் பொருந்தாது. ஆனால் சென்னையில் ஓவியத்தின் பூமிக்குள் எழுத்து பிரவேசிக்கக் கதவைத் திறந்தவர் அவரே. கோசுத்தின் நாற்காலிக்கு இரண்டு வருஷம் முன்னதாகவே திறந்தார் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் அவருக்கு முன்னால் நின்ற பிரத்தியட்சமான பிரச்னை, பள்ளியை விட்டு வெளியேறும் மாணவர்கள் எதைத் தின்று உயிர் வாழ்வது என்பது. படம் வாங்குவோர் சென்னையில் மிகச் சிலர். அதற்குப் பணிக்கரும் மாணவர்களும் கண்ட உபாயம் துணி. கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாடிக் முறையில் துணிகளைத் தயாரித்து விற்றார்கள். அந்த வருமானத்தில் சேர்ந்த பணத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் சுமார் 10 ஏக்கர் மணல்பூமி வாங்கி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார்கள். அரசாங்கத்தின் தயவையும் தனவந்தர்களின் தயவையும் பெரிதாக எதிர்பாராமல், காலையில் துணிக்குச் சாயமேற்றி மாலையில் படம் தீட்டலாம் என்ற நம்பிக்கையில் எழுந்த ஊர் அது. எந்தக் கடற்கரையிலிருந்து சாயத்துணிகள் பல நூற்றாண்டுகள் கப்பலேறி உலகமெங்கும் போயினவோ, அதே கடற்கரையின் பெயரை அவர்கள் தேர்ந்துகொண்டது மிகப் பொருத்தம். பாடிக் துணி இல்லையென்றால் சோழமண்டலம் இல்லை. சோழமண்டலம் இல்லையென்றால் சென்னையின் நவீன ஓவியம் இவ்வளவு கூட்டுப் பலத்தோடு நிலைத்திருக்குமா என்பது சந்தேகம்.

துணி ஓவியனுக்குச் சோறு போட்ட இன்னொரு இடம் நெசவாளர் சேவை மையம். சுதந்திரத்துக்குப் பின் கைத்தறிக்குப் புத்துயிர் ஊட்டும் பொருட்டு, புபுல் ஜெயகர் அம்மையாரின் முன்முயற்சியில் 1950களின் பிற்பாதியில் இம்மையங்கள் தோன்றின. ஓவியர்களையே டிசைன் வரைய அமர்த்த வேண்டும் என்ற தீர்மானம் அந்த அம்மையாரின் தீர்க்கதரிசனத்துக்குச் சான்று. சென்னை மையத்தில் எம். ரெட்டெப்ப நாயுடு பணியாற்றினார். தெய்வ உருவங்களினூடே எழுத்து வரிகளை ஓடவிட்ட அவருடைய ஓவியங்கள், பணிக்கரின் வழியில் வேறொரு திசை பிரிந்தவை. வங்காளத்து ஜோகன் சௌதுரி 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறி டிசைனராக இருந்தார். துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்தில் உத்தியோகம் பார்த்தவரே. காந்தியடிகளைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் வரைந்து புகழ்பெற்ற ஆதிமூலம், தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்து எழுதித் தமிழ் எழுத்தின் முகத்தையே மாற்றினார். அச்சு வார்ப்பில் விறைத்துக் கிடந்த எழுத்து அவர் தூரிகையில் மறுபடியும் கையின் எழுத்தாயிற்று. இலக்கிய வாசகர் பல்லாயிரம் பேர் நவீன ஓவியத்தை முதன்முதல் சந்தித்தது காட்சிக்கூடத்தில் அல்ல, அந்த அட்டைகளில்தான்.

தறிக்கு டிசைன் கொடுப்பவனின் வேலை என்ன என்பதைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். அவன் துணியைத் தொடுவதில்லை. கட்டம் போட்ட காகிதத்தில் எந்தக் கட்டத்தில் பாவு மேலே வரும், எந்தக் கட்டத்தில் ஊடை மேலே வரும் என்று நிறம் நிரப்பித் தருகிறான். அந்தக் காகிதம் நெசவாளனுக்கு ஆணை. அந்த ஆணையை எத்தனை பேர் எத்தனை தறியில் எத்தனை முறை நிறைவேற்றினாலும் டிசைன் ஒன்றுதான். 1967இல் சால் லெவிட் என்ற அமெரிக்கர் கருத்துக் கலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, திட்டம் முன்கூட்டியே முழுமை பெற்றுவிட வேண்டும், அதை நிறைவேற்றுவது இயந்திர காரியம் என்று வாதித்தார். மறு வருஷத்திலிருந்து, தாம் எழுதிக் கொடுத்த குறிப்பின்படி பிறர் சுவரில் வரையும் சித்திரங்களையும் தொடங்கினார். கலையுலகம் இதைப் புரட்சி என்றது. நம் நெசவாளர் சேவை மையத்து ஓவியன் அதே காரியத்தை மாதச் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தான். ஒரு வித்தியாசம் உண்டு. அதுவே நமக்குப் பெருமை தருவது. லெவிட்டுக்கு நிறைவேற்றுபவன் ஒரு கருவி. இங்கேயோ நெசவாளன் காகிதத்தைப் பார்த்து, இந்தக் கோடு தறியில் நிற்காது, இப்படி மாற்றினால் நிற்கும் என்று திருப்பிச் சொல்லக்கூடியவன். அந்தத் திருத்தத்தை ஏற்கக் கற்ற ஓவியனின் கோட்டில் ஒரு பணிவும் உறுதியும் கூடின.

இதே தத்துவம் திருப்பூரில் பெரும்பரிமாணத்தில் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும். பனியன் தொழில் முன்பே கல்கத்தாவில் நிலைபெற்று, 1920களின் நடுவில் திருப்பூருக்கு வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கொங்குச் சீமையில் பாய்ந்தபின் வேரூன்றியது. வட்டமாகச் சுற்றும் மெஷினின் விட்டத்துக்கு ஏற்ற அகலத்தில் குழாய்போல் துணி இறங்கும். பக்கத் தையல் இல்லாமலே மேல் உடம்புக்கு அது பொருந்தும். நெடுங்காலம் உள்நாட்டு வெள்ளைப் பனியனே திருப்பூரின் சரக்கு. 1970களின் இறுதியில் இத்தாலிய வியாபாரி வெரோனாவின் வழியாக ஏற்றுமதி திறந்தது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. ஊர் தலைகீழாக மாறியது.

அந்த மாற்றத்தோடு துணியின்மேல் எழுத்து வந்தது. ஜெர்மானியச் சொல், பிரெஞ்சு வாசகம், ஏதோ ஒரு கடற்கரை நகரத்தின் பெயர், ஒரு விளையாட்டுக் கழகத்தின் எண், இவையெல்லாம் டி-ஷர்ட்டின் மார்பில் ஏறின. பிரிண்டிங் பட்டறையில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையின்மேல் சாயப் பசையை வழித்துவிட்டால், அடைபடாத இடத்தில் மட்டும் எழுத்து இறங்கும். நீண்ட மேஜையில் துணிகளைப் பரப்பி, இருவர் இருபுறமும் நின்று ஒவ்வொரு துணியாக நகரும்போது, முதல் ஸ்கிரீனில் வரும் சிவப்பும் இரண்டாவதில் வரும் கறுப்பும் இழை பிசகாமல் பொருந்த வேண்டும். படிக்கத் தெரியாத மொழியின் எழுத்தை, அதை எழுதிய அயல்நாட்டானைவிட நுட்பமாக அறிந்தவர்கள் இவர்கள். எந்த வளைவில் பசை தேங்கும், எந்த மெல்லிய கோடு துவைத்தால் உதிரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பணிக்கர் தம் துணித்திரையில் எழுத்தை அர்த்தத்திலிருந்து பிரித்து வடிவமாகப் பார்த்தாரே, அந்தப் பார்வை இங்கே தொழிற்பழக்கமாகவே அமைந்துவிட்டது. அதைக் கலை என்று யாரும் அழைக்கவில்லை என்பது அதன் குறைபாடு ஆகாது.

லேபிள்களும் அப்படியே. மெயின் லேபிள், சைஸ் லேபிள், துவைக்கும் விதத்தைக் குறியீடுகளால் சொல்லும் வாஷ்கேர் லேபிள் என்று, ஒரு சட்டையின் கழுத்திலும் இடுப்பிலும் எத்தனை எழுத்து! தொட்டியும் முக்கோணமும் வட்டமும் கொண்ட அந்தக் குறிகள் எந்த மொழிக்காரனுக்கும் புரியும்படி அமைந்தவை. கட்டிங் டேபிளில் மிச்சப்படும் துண்டுகள் வேஸ்ட் வியாபாரிகளிடம் போய், நிறம் வாரியாகப் பிரிக்கப்பட்டு, எந்திரம் துடைக்கவோ மறுபடி பஞ்சாகவோ போகின்றன. தேர்வில் கழிக்கப்பட்ட உருப்படிகள் காதர்பேட்டைக் கடைகளில் குவிகின்றன. ஒரு கலைஞன் தேடிப் பொறுக்க வேண்டிய பொருள்கள் இந்த ஊரில் தெருவையே நிறைத்திருக்கின்றன. சாயம் எழுதிய கடுமையான எழுத்தும் ஒன்று உண்டு. நொய்யலில் கலந்த கழிவு, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையே பயனற்றதாக்கி, கீழ்ப்புறத்து நிலங்களைக் கெடுத்தது. விவசாயிகளின் வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. திருப்பூரின் பொருள்களைக் காட்சிக்கு வைப்பவர் எவரும் அந்த ஆற்றுநீரை விட்டுவிட்டு வைக்க முடியாது.

இவ்விதப் பொருள்களை எப்படி வைப்பது என்பதைத் தமிழ்க் கலைஞர் ஒருவர் கடலுக்கு அப்பால் செய்து காட்டியிருக்கிறார். யாழ்ப்பாணத்துத் தாமோதரம்பிள்ளை சனாதனன் டில்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். 1981இல் எரிக்கப்பட்டுச் சுமார் 97,000 நூல்களை இழந்த யாழ்ப்பாணப் பொதுநூலகம் புதுப்பிக்கப்பட்டபின், 2004இல் அங்கே நடந்த ‘அகம் புறம்’ கண்காட்சியில், போரின் நடுவே வாழ்ந்த சாதாரண மக்களிடமிருந்து பெற்ற அன்றாடப் பொருள்களை அவர் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தார். புத்தகம் இருந்த இடத்தில் பொருள் சாட்சி சொன்னது. 2011இல் வெளிவந்த அவருடைய நூல், டச்சுக்காரர் காலத்து நிலப்பதிவேடான தோம்பின் பெயரைத் தாங்கியது. முற்றுப்பெறாத தோம்பு என்று அதன் தலைப்புக்குப் பொருள். இடம்பெயர்ந்த 80 பேர், தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த தளப்படங்களும், கட்டிடக் கலைஞரின் அளவுப்படங்களும், சனாதனனின் ஓவியங்களும், அவர்கள் சொன்ன சில வரிகளும் அதில் அலுவலகக் கோப்பு போலத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. பின்னர் கொச்சி பினாலேயில், நூலகத்து அட்டவணைப் பெட்டியின் இழுப்பறைகளில், போர்க்காலத்தில் மக்கள் உயிர்பிழைக்கச் செய்துகொண்ட உபாயங்களை அட்டை அட்டையாக எழுதி வைத்தார். பார்வையாளர் தாமே இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துப் படிக்க வேண்டும்.

சனாதனனின் முறையில் நான் மிகவும் போற்றுவது அதன் மரியாதை. பொருளைக் கொடுத்தவரின் சொல் பொருளோடு கூடவே வருகிறது. கலைஞனின் புத்திசாலித்தனம் அதற்குப் பின்னால் அடங்கி நிற்கிறது. டூஷாம்பின் பீங்கானுக்கு அதை வார்த்த தொழிலாளியின் பெயர் தேவைப்படவில்லை. திருப்பூருக்கு டூஷாம்பின் வழி உதவாது. இங்கே ஒரு லேபிளை எடுத்துச் சுவரில் ஒட்டினால் அது வெறும் லேபிள். அதை நெய்தவர், கழுத்தில் வைத்துத் தைத்தவர், சைஸ் மாறியதென்று செக்கிங்கில் பிரித்தவர் ஆகியோரின் சொற்கள் அதன் அருகே எழுதப்பட்டால், தையலுக்கு எத்தனை பீஸ், பீஸுக்கு என்ன ரேட், எந்த இரவு ஷிப்டில் சரக்கு ஏறியது என்ற விவரங்களோடு அது ஒரு தோம்பு ஆகும்.

அந்தத் தோம்புக்கு வேண்டிய பண்டங்கள் நாள்தோறும் குறைந்துகொண்டிருக்கின்றன. ஆர்டர் முடிந்ததும் ஸ்கிரீனைக் கழுவி அடுத்த எழுத்துக்கு வலையைத் தயார் செய்துவிடுகிறார்கள். கட்டிங் மாஸ்டரின் அட்டை அளவுகள் கணினிக்குப் போய்விட்டன. கையால் சுற்றிய பழைய பின்னல் மெஷின்கள் இரும்பு விலைக்குப் போகின்றன. சர்க்கா சங்கக் காலத்து அத்தாட்சிச் சீட்டு, முதல் ஏற்றுமதிக் காலத்து ஆர்டர் காகிதம், சாயப்பட்டறையின் நிற மாதிரிப் புத்தகம், மூடப்பட்ட பட்டறையின் பெயர்ப்பலகை, இவை இன்னும் சில வீடுகளின் பரண்களில் இருக்கக் கூடும். அவற்றைக் கேட்டு வாங்கி, கொடுத்தவரின் வார்த்தையையும் உடனிருந்து எழுதிக்கொண்டு, திருப்பூரிலேயே ஒரு பழைய பனியன் கம்பெனிக் கட்டிடத்தில் வைக்கத் துணியும் இளம் கலைஞர், பணிக்கரும் ரெட்டெப்ப நாயுடுவும் ஆதிமூலமும் துணியின் தயவால் நடந்த வழியில் அடுத்த அடியை எடுத்து வைத்தவராவார்.